முழு வருகைப் பரிசு

நடப்பதற்கும் ஒரு போட்டி உண்டு, அதில் ஜெயித்தால் ரயில்வேயில் வேலைகூடக் கிடைக்கும் என்று அனுப்ரியா முதன்முதலில் வீட்டில் சொன்னபோது, அவளுடைய அப்பா மல்லப்பன் மஞ்சள் வெந்துகொண்டிருந்த கொப்பரையிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"நடக்கறதுக்கு வேலை குடுப்பாங்கன்னா நம்ம ஹனூர்ல பாதிச் சனம் ரயில்வேல இருக்கோணுமே கண்ணு," என்றார்.

அவர் சொன்னதிலும் தப்பில்லை. வேகநடை என்பது பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரவழைக்கிற விளையாட்டுதான். ஓடத் துடிக்கிற உடம்பை ஓடவிடாமல் பிடித்து வைத்துக்கொண்டு, ஓடுகிறவன் வேகத்தில் போக வேண்டும். எந்த நேரமும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். முன்னே வைக்கிற காலின் முட்டி மடங்கக் கூடாது. இடுப்பு அதுபாட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வரும். வழிநெடுக நடுவர்கள் நின்றுகொண்டு, யாராவது இரண்டு காலையும் தூக்கிவிட மாட்டார்களா என்று அவர்கள் பாதத்தையே முறைத்துக்கொண்டிருப்பார்கள். மைசூரில் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் விடிகாலையில் அவள் பயிற்சி எடுக்கும்போது, சர்க்கரை வியாதிக்காக நடக்கிற ஓய்வுபெற்ற அதிகாரிகள் எல்லாம் ஒதுங்கி நின்று வழிவிடுவார்கள். வழிவிட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

அனுப்ரியா அதையெல்லாம் சட்டை பண்ணவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அந்த மஞ்சள் கொப்பரைப் பக்கம் இனிமேல் போகக் கூடாது. அதன் புகையில் அம்மா மாதேவியின் கண் சிவந்து சிவந்து, இப்போது சிவப்புதான் அந்தக் கண்ணின் நிறம் என்று ஆகிவிட்டது. அனுப்ரியாவுக்கு வேறு எதிலும் பெரிய திறமை இல்லை. பி.காம். இரண்டாம் வருடத்துக் கணக்கெல்லாம் அவளுக்குத் தலைக்கு மேலே போனது. ஆனால் கால் இருந்தது. நவம்பரில் ஹாசனில் கபினி பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கு இடையே நடந்த இருபது கிலோமீட்டர் வேகநடையில் முதலாவதாக வந்தாள். அடுத்தது ஜனவரியில் புவனேஸ்வரில் அகில இந்தியப் போட்டி. அங்கே முதல் மூன்று பேரில் ஒருத்தியாக வந்துவிட்டால், ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பம் போடலாம். புவனேஸ்வர் போகாவிட்டால் கொப்பரைதான்.

இங்கேதான் எழுபத்தைந்து வந்து குறுக்கே நின்றது.

பல்கலைக்கழக அணியில் விளையாட வேண்டுமானால் வகுப்பில் எழுபத்தைந்து சதவீதம் வருகை இருக்க வேண்டும் என்பது விதி. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வகுப்பில் உட்கார்ந்திருப்பவள்தான் வெளியே போய் விளையாடலாம். வெளியே போய் விளையாடியவளோ வகுப்பில் உட்கார்ந்திருக்கவில்லை. இந்த விதியை எழுதிய மகான் வாழ்க்கையில் எதற்காகவும் ஓடியிருக்க மாட்டார், பஸ் பிடிக்கக்கூட.

இதற்கு மாற்று வழி இல்லாமலும் இல்லை. கல்லூரிக்காக விளையாடப் போகிற நாளுக்கு டூட்டி லீவ் உண்டு. அதை வாங்க, ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே ஒவ்வொரு பாடத்து ஆசிரியரிடமும் கையெழுத்து வாங்கி, துறைத் தலைவரிடம் காட்டி, கடைசியில் முதல்வர் நிர்மலா மேடத்திடம் முத்திரை வாங்க வேண்டும். யார் யார் போகிறார்கள் என்ற அறிவிப்பு பல்கலைக்கழகத்திலிருந்து வருவதோ முந்தின நாள் சாயங்காலம். அதற்குள் ஆசிரியர்கள் எல்லாம் வீட்டுக்குப் போய்க் காபி குடித்துக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே ஞானதாரா வணிகவியல் கல்லூரியில் காலங்காலமாக ஒரு வழக்கம். உடற்கல்வி இயக்குநர் மகேந்திரன், கொள்ளேகால்காரர், நல்ல மனுஷர், காகிதம் என்றால் மட்டும் காத தூரம் ஓடுவார். கையில் ஸ்டாப்வாட்சுடன் அலுவலக ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பழனி, நம்ம புள்ளைக்குக் கொஞ்சம் பாத்துக்கப்பா," என்பார். வேலை முடிந்தது.

பழனி அலுவலக உதவியாளர். அவன் அப்பா அம்மா தமிழ்நாட்டிலிருந்து சித்தாள் வேலைக்கு வந்து மைசூரிலேயே தங்கிவிட்டவர்கள். அவனுக்குக் கோபம் கன்னடத்திலும் பாசம் தமிழிலும் வரும். வருகைப் பதிவு இப்போது கணினியில். டூட்டி லீவ் போட ஏழு கையெழுத்தை ஸ்கேன் பண்ணி ஏற்ற வேண்டும். 'பிரசென்ட்' போட ஒரு தட்டு தட்டினால் போதும். பழனி தட்டினான். அனுப்ரியா ஹாசனில் நடந்த நாளும் மைசூரில் பிரசென்ட், தார்வாடில் பயிற்சி முகாமில் இருந்தபோதும் பிரசென்ட். எழுபத்தைந்து போதுமே என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. பாத்துக்கப்பா என்றால் எதுவரைக்கும் என்று அவனும் கேட்கவில்லை. கல்லூரிக்குத் தங்கம் வாங்கி வந்த பெண்ணாயிற்றே என்ற பாசத்தில் மாதம் முழுவதையும் ஒரேயடியாகத் தேர்ந்தெடுத்துத் தட்டிவிட்டான். விஜயதசமி அன்று கல்லூரிக் கதவு பூட்டியிருந்தது, ஊரே யானை ஊர்வலம் பார்க்கத் தெருவில் நின்றது. அன்றைக்கும் அனுப்ரியா வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்டிருக்கிறாள்.

இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. வருகை எப்படி இருக்கிறது என்று ஒருமுறை கேட்டதற்கு, "தலெ கெடிஸ்கோபேடமா, சூப்பரா இருக்கு," என்றான் பழனி. தலையைக் கெடுத்துக்கொள்ளாதே என்கிறான் என்று அவளும் விட்டுவிட்டாள்.

டிசம்பரில் கல்லூரி ஆண்டு விழா வந்தது. சிறப்பு விருந்தினர் கபினி பல்கலைக்கழக விளையாட்டு வாரியத்தின் செயலாளர். நிர்மலா மேடத்துக்கு அன்று தலைகால் புரியவில்லை. கல்லூரிக்குத் தர மதிப்பீடு செய்யக் குழு ஒன்று வரப்போகிற நேரம்; செயலாளரின் நல்ல வார்த்தை இருந்தால் நல்லது. வாசல் வளைவில் ஆள் உயரத்துக்கு அனுப்ரியாவின் படம் போட்ட பேனர். நெஞ்சில் எண், கழுத்தில் பதக்கம், கீழே 'எங்கள் தங்கம்' என்று கன்னடத்தில் கொட்டை எழுத்து.

முதலில் ஹாசன் வெற்றிக்கு ஒரு பிளாஸ்டிக் கேடயம் கொடுத்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். அனுப்ரியா இறங்கி வந்து உட்காருவதற்குள் மறுபடி அவள் பெயர் ஒலித்தது.

"இந்த ஆண்டு கணினியே தேர்ந்தெடுத்த ஒரே மாணவி! ஒருநாள்கூட விடுப்பு எடுக்காமல் நூறு சதவீதம் வருகை தந்த அனுப்ரியா!"

பரிசு ஒரு பெரிய டின்னர் செட். கேடயத்தைவிட மூன்று மடங்கு பெரிது. கல்லூரியில் எதற்கு மதிப்பு அதிகம் என்பது அந்த அட்டைப் பெட்டியைப் பார்த்தாலே விளங்கும். மேடையின் ஓரத்தில் பழனி பூரித்துப்போய் நின்றான். கீழே மகேந்திரன் மட்டும் நாக்கைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

செயலாளர் பெட்டியை நீட்டினார். அவள் வாங்கப்போனாள். அவர் விடவில்லை.

"ஒருநாள்கூட லீவ் எடுக்கலையா?" என்று கன்னடத்தில் கேட்டார். ஒலிபெருக்கி அவர் வாய்க்கு நேரே இருந்தது.

அனுப்ரியா பெட்டியிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்போ ஹாசன்ல நடந்தது யாரு?"

அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. விருந்தினர் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்து நிர்மலா மேடம் முதலில் கை தட்டினார்கள். தட்டிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் முகம் வெளுத்தது.

அடுத்த வாரம் விசாரணை. செயலாளரும் இரண்டு பேராசிரியர்களும் கல்லூரிக்கே வந்து முதல்வர் அறையில் உட்கார்ந்தார்கள். விஷயம் எளிமையானது என்றார் செயலாளர். பதிவு உண்மையானால் இந்தப் பெண் அன்று வகுப்பில் இருந்தாள். அவள் பெயரில் ஹாசனில் வேறு யாரோ நடந்திருக்கிறார்கள், ஆள்மாறாட்டம், பதக்கம் செல்லாது. இவளே நடந்தாள் என்றால் பதிவு பொய். அப்போது வருகை எழுபத்தைந்துக்குக் கீழே போகும், புவனேஸ்வர் கிடையாது. இரண்டில் எது என்று கல்லூரியே சொல்லட்டும்.

நிர்மலா மேடம் யோசிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. பொய்ப் பதிவு என்றால் அது கல்லூரியின் பாவம். ஆள்மாறாட்டம் என்றால் அது பெண்ணின் பாவம்.

"எங்க ரெக்கார்ட் ஒருநாளும் தப்பா இருக்காது சார். அவ வகுப்புலதான் இருந்தா. ஹாசன்ல யார் நடந்தாங்கன்னு ஹாசனைத்தான் கேக்கணும்," என்றார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருந்த ஜன்னல் வழியாக, வாசலில் 'எங்கள் தங்கம்' காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அனுப்ரியா சுற்றிலும் பார்த்தாள். மகேந்திரன் தொண்டையைச் செருமினார், அதற்குமேல் எதுவும் வரவில்லை. மூலையில் நின்ற பழனிக்குக் கண் கலங்கியிருந்தது. அவனைப் பார்த்து அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. இந்தக் கல்லூரியில் அவளுக்காக உண்மையாகவே பாடுபட்டவன் அவன் ஒருவன்தான், பாடுபட்டுக் குழியில் தள்ளிவிட்டான்.

"நாந்தானுங்க சார் நடந்தேன்," என்றாள். பதற்றத்தில் கன்னடம் போய் ஹனூர்த் தமிழ் வந்துவிட்டது. "வேணும்னா இப்பவே நடந்து காட்டறனுங்க. ஹாசன்ல எத்தனை நடந்தனோ அத்தனையும். பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

மகேந்திரனுக்கு அப்போதுதான் குரல் திரும்பியது. அவள் சொன்னதைக் கன்னடத்தில் எடுத்துச் சொல்லி, "சார், இந்த நடையை வேற ஒருத்தர் நடக்க முடியாது. பாத்தா உங்களுக்கே தெரியும்," என்றார்.

செயலாளருக்கும் அந்த அறை புழுக்கமாக இருந்தது. மைதானத்து வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டார்கள். காபி வந்தது, பிறகு மசால்தோசை வந்தது. காலை வகுப்புகள் தொடங்கியிருந்தன. அனுப்ரியா காலணிக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அன்று அவள் நடந்த நடையை ஏரிக்கரை அதிகாரிகள் பார்த்திருந்தால் சிரித்திருக்க மாட்டார்கள். மைதானத்தில் சரளைக்கல் ஒரு பக்கம், தண்ணீர்க் குழாய் உடைந்த சேறு இன்னொரு பக்கம். வெயில் உச்சியைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தது. சுற்றுச் சுற்றாக வந்தாள். ஒவ்வொரு முறையும் அந்த மூன்று நாற்காலியைத் தாண்டும்போது வேண்டுமென்றே முட்டியை இன்னும் விறைப்பாக நீட்டி வைத்தாள். முதலில் தோசையைப் பார்த்த பேராசிரியர்கள் பிறகு அவளைப் பார்த்தார்கள். வகுப்பு ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. அவளுடைய வகுப்பில் அடக்கவிலைக் கணக்கு எடுக்கிற பஞ்சவர்ணம் மிஸ்கூடப் பாடத்தை நிறுத்திவிட்டு ஜன்னலோரம் வந்து நின்றுவிட்டார். முடிக்கும்போது அவள் உதடு வெடித்திருந்தது, மகேந்திரனின் ஸ்டாப்வாட்ச் ஹாசனைவிட நல்ல நேரத்தைக் காட்டியது.

செயலாளர் எழுந்து நின்றார். "இவதான்," என்றார். "ஹாசன்ல நானும் இருந்தேன். இந்த இடுப்பை மறக்க முடியாது." பிறகு தான் சொன்னது என்னவென்று உறைத்து, "இந்த ஸ்டைலை," என்று திருத்திக்கொண்டார்.

அதன்பின் எல்லாம் மளமளவென்று நடந்தது. நிர்மலா மேடம் உடனே பல்டி அடித்து, எல்லாம் மென்பொருள் கோளாறு என்று பூசி மெழுகினார்கள். மென்பொருளுக்கு மானம் ரோஷம் கிடையாது, எதைச் சொன்னாலும் வாங்கிக்கொள்ளும். பழனி போட்ட பொய்ப் பிரசென்ட்களைக் கழித்தார்கள், விஜயதசமியைக் கழித்தார்கள், ஹாசனுக்கும் தார்வாடுக்கும் பெரிய மனது பண்ணி இப்போதே டூட்டி லீவ் கொடுத்தார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் துல்லியமாக எழுபத்தைந்து நின்றது. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"போய்ட்டு வாம்மா புவனேஸ்வர்," என்று செயலாளர் தோளில் தட்டிவிட்டு காரில் ஏறினார். வருகைப் பதிவு இனி கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று நிர்மலா மேடம் அந்த நிமிடமே சுற்றறிக்கை விட்டார்கள்.

பழனி அன்று வேறு ஆளாகிவிட்டான். இனிமேல் எதையும் முறைப்படிதான் செய்வேன் என்று சாமி மேல் சத்தியம் பண்ணிவிட்டு, புவனேஸ்வருக்கான டூட்டி லீவ் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஓடினான். சாயங்காலத்துக்குள் ஏழு கையெழுத்தும் வாங்கி, மேடத்திடம் முத்திரையும் வாங்கி, கணினியில் ஏற்றிப் பூட்டும் போட்டான். அந்தக் கல்லூரி வரலாற்றில் முன்கூட்டியே பதிவான முதல் டூட்டி லீவ் அதுதான்.

அனுப்ரியா மைசூரின் அக்ரஹாரம் பகுதியில் தான் தங்கியிருந்த அறைக்குப் போய், காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் பண்ணினாள்.

"நடந்தது நீதான்னு நீயே நடந்து காட்டோணுமா?" என்றார் மல்லப்பன். பிறகு, "சரி கண்ணு, அந்த ஊருக்குப் போறதுக்கு ஸ்வெட்டர் வேணுமா?" என்று கேட்டார். அப்பா முதல்முறையாக அந்தப் போட்டியை ஒரு போட்டியாக மதித்துக் கேட்ட கேள்வி அது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாள் காலை கணினி முந்தின நாள் வருகையைச் சேர்த்துக்கொண்டது.

முந்தின நாள் காலையில் நடந்த வகுப்புகள் எதிலும் அனுப்ரியா இல்லை. அவள் மைதானத்தில் இருந்தாள். ஜன்னலோரம் நின்று அவள் நடந்ததைக் கடைசிச் சுற்றுவரை ரசித்துப் பார்த்த பஞ்சவர்ணம் மிஸ், சுற்றறிக்கை கைக்கு வந்ததும் அதற்குப் பயந்து அவளுக்கு ஆப்சென்ட் போட்டிருந்தார். எழுபத்தைந்து, எழுபத்துநான்கு சொச்சமாகிவிட்டது. புவனேஸ்வர் அணிக்கு வருகைக் கணக்கு அனுப்ப வேண்டிய கடைசி நாளும் அதுதான்.

மகேந்திரன் இந்தத் தடவை ஜன்னலில் நிற்கவில்லை, வாசல் வழியாகவே முதல்வர் அறைக்குள் போனார். "மேடம், நேத்து அந்தப் புள்ளை விசாரணைக்காகத்தானே நடந்தது? அதுக்கு டூட்டி லீவ் குடுங்க," என்றார்.

"டூட்டி லீவ் கல்லூரிக்காக விளையாடுறவங்களுக்கு. நேத்து அவ கல்லூரிக்காக நடந்தாளா? தன் மேல வந்த புகாருக்காக நடந்தா," என்றார்கள் நிர்மலா மேடம். "இப்போதான் ஒரு கோளாறைச் சரி பண்ணியிருக்கோம் மகேந்திரன். மறுபடியும் என்னைப் பொய்ப் பதிவு போடச் சொல்றீங்களா?"

செயலாளருக்குப் போன் போட்டார்கள். அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். அருமையான நடை, என் கண்ணாலேயே பார்த்தேன் என்றார். ஆனால் விதி விதிதானே என்றார். ஹாசனில் வெகு தூரம் பின்னால் வந்த நஞ்சன்கூட்டுப் பெண்ணின் பெயர் புவனேஸ்வருக்குப் போயிற்று. அந்தப் பெண்ணுக்கு வருகை எண்பத்தொன்பதாம். கெட்டிக்காரி.

அனுப்ரியா அழவில்லை. ஆத்திரத்தில் அவளுக்கு அழுகை எழும்பவே இல்லை. இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வராமல் கிடந்தாள். பிறகு, இந்தப் பாழாய்ப்போன வருகையாவது மிச்சமாகட்டும் என்று கல்லூரிக்குப் போக ஆரம்பித்தாள். தினமும் அந்த பேனருக்கு அடியில்தான் நுழைய வேண்டியிருந்தது. அடுத்த வருடச் சேர்க்கைக்கு ஆகும் என்று அதை அவர்கள் கழற்றவில்லை.

புவனேஸ்வரில் போட்டி நடந்த நாளில் அவள் அடக்கவிலைக் கணக்கு வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பஞ்சவர்ணம் மிஸ் கைப்பேசியில் ஒவ்வொரு பெயராகத் தட்டிக்கொண்டே வந்தார். அவள் பெயரில் நின்றார். இரண்டு தரம் தட்டினார்.

"அனுப்ரியா... உனக்குப் போட முடியலியேம்மா. டூட்டி லீவ்னு லாக் ஆகியிருக்கு. நீ இன்னிக்கு புவனேஸ்வர்ல இருக்கியாம்."

"இங்கதானுங்க மிஸ் இருக்கறேன்."

"எனக்குத் தெரியுதும்மா. ஆனா இதுல நீ அங்கதான் இருக்கே. மேடம் முத்திரையோட இருக்கு, நான் எப்படி மாத்தறது?"

வகுப்பில் சிரிப்பு கிளம்பியது. பாதி கிளம்பி, அவள் முகத்தைப் பார்த்து அடங்கியது. அனுப்ரியா எழுந்து நின்றாள்.

"அப்படீங்களா மிஸ்," என்றாள். "அப்ப அங்க நானு எத்தனாவதா வந்தனுங்க?"

பஞ்சவர்ணம் மிஸ் கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். பலகைப் பக்கம் திரும்பி, முந்தின நாள் அழிக்காமல் விட்ட கணக்கை அழிக்கத் தொடங்கினார்.